கரண்டைக்கால் தண்ணி

போன வாரம்தான் அம்மாவின் கம்மலைத் திருப்பினோம். கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கம்மல்தான் 2024 அக்டோபரில் என்னைக் கோலாலம்பூருக்கு அனுப்பி வைத்தது. திரும்பி வந்த நாளிலிருந்தே தோழிகளும் தம்பி தங்கைகளும் "அந்தப் பயணத்தைப் பற்றி எழுதுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கம்மல் அம்மா காதுக்குத் திரும்பாமல் எழுத எனக்கு மனசு வரவில்லை. இப்போது எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் சித்தையன்கோட்டை. திண்டுக்கல் மாவட்டம், ஆத்தூர் தாலுகா. மேற்கே பார்த்தால் கீழ்ப்பழனி மலைத்தொடர். மலையடிவாரத்தில் ஆத்தூர் காமராஜர் அணை. அங்கிருந்து வரும் ராஜவாய்க்கால் தண்ணீரில்தான் எங்கள் பக்கத்து நெல் விளைகிறது. அப்பா ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் பார்க்கிறார். அம்மா ஊர் முழுக்க நடவுக்கும் களைக்கும் போவார். நான் காந்திகிராமத்தில் தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆத்தூர் தாலுகா விவசாயிகள் பேச்சில் இருக்கும் பாசனச் சொற்கள்தான் என் தலைப்பு. மடை, மதகு, கலுங்கு, மறுகால், தலைமடை, கடைமடை, முறைத்தண்ணீர் என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒரு சொல்லுக்குள் யாருக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்கிற உரிமை எப்படி ஒளிந்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி. "தலைமடைக்காரன்" என்று ஒருவரைச் சொன்னால் அதில் அவருடைய வயல் இருக்கும் இடம் மட்டும் இல்லை, அவருடைய மதிப்பும் இருக்கிறது. கடைமடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

வெளிநாட்டுக் கருத்தரங்கு என்கிற ஆசை எனக்குள் விழுந்தது 2016 செப்டம்பரில். தமிழ் இணைய மாநாடு அந்த வருடம் எங்கள் காந்திகிராமத்தில் நடந்தது. நான் அப்போது இளங்கலை முதலாண்டு. வந்தவர்களுக்குப் பை கொடுப்பதும் அரங்குக்கு வழிகாட்டுவதும்தான் எனக்குக் கொடுத்த வேலை. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் பேசிய தமிழைக் கேட்டுக்கொண்டே நின்றேன். நம் தமிழ்தான், ஆனால் வேறு ஒரு வாய்க்காலில் ஓடி வந்த தமிழ். அடுத்த வருடம் அதே மாநாடு கனடாவில் டொராண்டோவுக்குப் போய்விட்டது. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தில் உட்கார்ந்து பேசியவர்கள் மறுவருடம் டொராண்டோவில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றால் நடுவில் இருக்கும் தூரம் கடக்கக்கூடியதுதான் என்று எனக்குப் பட்டது.

கோலாலம்பூர்க் கருத்தரங்கு ஒன்றுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பி, ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்த அன்று என் நெறியாளர் முதலில் கேட்டது, "அந்தக் கருத்தரங்கு உண்மையானதுதானா, பாத்தியா?" என்பதுதான். ஆராய்ச்சி மாணவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2016-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி முனைவர் பட்டத்துக்கு இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும், ஒரு கட்டுரை இதழில் வெளிவந்திருக்க வேண்டும். 2022 விதியில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சில வருடங்களில் முளைத்த போலிக் கருத்தரங்குகள் இன்னும் மெயில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. தமிழ், வேதியியல், மேலாண்மை எல்லாவற்றுக்கும் ஒரே அரங்கு, அனுப்பிய மறுநாளே ஏற்பு, உடனே பணம் கட்டு என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் ஒருவராவது அதில் முன்பு பேசியிருக்க வேண்டும். உங்கள் கட்டுரையை யாரோ படித்துவிட்டு ஒரு குறையாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்த ஏற்புக் கடிதத்தோடு ஒன்றரைப் பக்கத்துக்குத் திருத்தம் வந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நெறியாளர் "போ" என்றார்.

பிறகு பாஸ்போர்ட். நம்மில் நிறையப் பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து நிற்கும், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பட்டச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் என்று ஆளுக்கு மூன்று விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அப்பா பெயரை எழுதினேன். விமான டிக்கெட், கருத்தரங்குப் பதிவு, தங்கும் இடம் எல்லாவற்றிலும் அதே எழுத்துக் கூட்டல் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் வம்பு. எங்கள் மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். போலீஸ் விசாரணை முடிந்து கைக்கு வர எவ்வளவு நாள் ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் ஆய்வில் சேர்ந்த வருடமே எடுத்து வைத்துவிடுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு ஓடாதீர்கள். விசா விஷயத்தில் எனக்கு நல்ல நேரம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குப் போகலாம் என்று ஆகியிருந்தது. இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் ஒன்றை நிரப்பினால் போதும். ஐரோப்பாவுக்குப் போகும் மாணவர்கள் வங்கி இருப்பையும் அழைப்புக் கடிதத்தையும் தூக்கிக்கொண்டு அலையும் அலைச்சல் எனக்கு இல்லை.

பணம்தான் இல்லை. திருச்சியிலிருந்து போய்வர டிக்கெட், பதிவுக் கட்டணம், நான்கு நாள் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தொட்டது. ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கும் மாணவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். நான் அது வாங்கவில்லை. அறிவியல் மாணவர்களுக்கென்று மத்திய அரசில் பயண உதவித் திட்டம் இருந்தது, சமூக அறிவியலுக்கும் உண்டு. ஆனால் பெரும்பாலான உதவிகள் நாம் முதலில் செலவு செய்து, ரசீது கொடுத்து, பிறகு வாங்கிக்கொள்கிற வகை. நாற்பதாயிரத்தை முன்கூட்டியே எடுத்து வைக்க முடிகிற வீடாக இருந்தால் உதவியையே கேட்டிருக்க மாட்டோமே! பல்கலைக்கழகங்களை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன்: டிக்கெட் பணத்தை மட்டுமாவது புறப்படும் முன் கொடுங்கள். திரும்பி வந்து கணக்குக் காட்டாத மாணவரின் ஆய்வேட்டை நிறுத்தி வைக்க உங்களுக்கு வழி இருக்கிறது. போகவே முடியாத மாணவருக்கு வேறு வழியே இல்லை.

வீட்டில் பேச்சு வந்தபோது அப்பா ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். அம்மா காதில் கை வைத்துத் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். நான் வேண்டாம் என்றேன். "கம்மல் எங்க பாப்பா போகப்போகுது? சங்கத்துலதான இருக்கும். நீ போயிட்டு வா" என்றார். அன்றைக்கு ராத்திரி அந்தக் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்ததைப் பார்த்தேன், துவாரம் தூர்ந்துவிடாமல் இருக்க.

திருச்சி விமானத்தில் எனக்குப் பக்கத்தில் மணப்பாறைக்கார அண்ணன் ஒருவர். ஓட்டலில் புரோட்டா போடும் வேலை, மூன்று வருடம் கழித்து ஊர் வந்துவிட்டுத் திரும்புகிறார். "என்ன வேலைக்கும்மா போறீங்க?" என்றார். கட்டுரை வாசிக்க என்றேன். "அதுக்கு அவுங்க எவ்வளவு குடுப்பாங்க?" "குடுக்க மாட்டாங்கண்ணே, நாமதான் கட்டணும்." அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்ப அது பெரிய விஷயமாத்தான் இருக்கும்" என்றார். அந்த விமானத்தில் பாதிப் பேர் அவரைப் போல வேலைக்குப் போகிறவர்கள். விடிந்தும் விடியாமலும் இறங்கினோம். வரிசையில் நிற்கும்போது அந்த அண்ணன் தன் பையில் இருக்கும் ஊறுகாயை எடுத்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

கருத்தரங்குக்கு முந்தின நாள் எனக்கு ஓய்வு. மலாயாப் பல்கலைக்கழகத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறி யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கினேன். நம் துறையில் இருப்பவர்களுக்கு அது சாதாரண இடம் இல்லை. 1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் உலக மாநாடு நடந்தபோது, அங்கே வந்திருந்த தமிழ் அறிஞர்கள் கூடி உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவர். தனிநாயகம் அடிகளும் செக் அறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளர்கள். இரண்டே வருடத்தில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. சென்னை இல்லை, மதுரை இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை. காரணம், அடிகளார் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியர். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஊர்காவற்றுறைப் பக்கம் 1913-இல் பிறந்தவர். பாதிரியாராகி, திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை முறையாகப் படிக்க ஆரம்பித்து, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூலைப் பற்றி நமக்கெல்லாம் எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர்.

எனக்கு அதைவிடவும் மனதைத் தொட்டது வேறொன்று. ஐம்பதுகளில் அந்த இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று சிங்கப்பூர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். திருவாரூரிலிருந்து போனவர். துறைக்குத் தமிழ் நூலகம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயர் வைத்து நிதி திரட்டினார். செல்வந்தர்கள் மட்டும் கொடுத்த பணம் இல்லை அது, கூலி வேலை செய்தவர்களின் காசும் அதில் சேர்ந்தது. அந்த வளாகத்து மர நிழலில் உட்கார்ந்து இதை நினைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் காதில் இருந்த வேப்பங்குச்சி ஞாபகம் வந்தது. யாரோ ஒருவர் வயிற்றைக் கட்டித்தான் இந்தப் படிப்பு நடக்கிறது, அன்றைக்கும் இன்றைக்கும்.

மறுநாள் காலை பதிவு மேசையில் கழுத்தட்டை கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதாவது அப்பா பெயர். என் பெயர் கீழே சின்னதாக. மூன்று நாளும் வெளிநாட்டு அறிஞர்கள் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். திருத்தித் தருவதாகச் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். அப்பா பழனியைத் தாண்டிப் போகாத மனிதர். அவர் பெயர் அந்த அரங்கில் ஒலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த அட்டை இப்போது வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

என் முறை இரண்டாம் நாள் மதியம். பதினைந்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கேள்வி. பென்டிரைவைச் செருகியதும் திரையில் வந்தது தமிழே இல்லை. விவசாயிகள் பேச்சையெல்லாம் நான் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன். அந்தக் கணினியில் அது கிடையாது. ஒருங்குறியில் அடி, பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போ என்று தமிழ் இணைய மாநாட்டில் பை கொடுத்துக்கொண்டு நின்ற காலத்திலேயே காதில் விழுந்த பாடம். கட்டுரையை ஒருங்குறிக்கு மாற்றிய நான் படக்காட்சியை மாற்றாமல் விட்டது தவறு. உங்களுக்கு அது நடக்கக் கூடாது. எனக்கு இரண்டு நிமிடம் போய்விட்டது. தலைமை தாங்கியவர் வெள்ளைப்பலகையைக் காட்டினார்.

பலகையில் ஒரு கண்மாயை வரைந்தேன். வளைந்த கரை. கரைக்கு நடுவில் மடை. ஓரத்தில், கரையைவிடத் தாழ்வாக, கலுங்கு. மடையிலிருந்து ஒரு வாய்க்கால். வாய்க்காலை ஒட்டி முதல் வயல் தலைமடை, கடைசி வயல் கடைமடை. கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து ஓடும் தண்ணீர் மறுகால், அது அடுத்த கண்மாய்க்குப் போகும். "ஒரு ஊரின் மிச்சம் அடுத்த ஊரின் வரத்து" என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னதைச் சொன்னேன். எழுதி வைத்துப் படித்திருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. கோடு போடப் போட எனக்குள் அப்பாவோடு வாய்க்கால் வரப்பில் நடந்த பாதை விரிந்தது. முடித்ததும் கை தட்டினார்கள். இடம்பெயர்ந்த சொற்களைப் பற்றி ஒருவர் கேட்டார், பதில் சொன்னேன்.

பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்று பிறகு தெரிந்தது. மெதுவாகத்தான் கேட்டார். "நீங்க பேட்டி எடுத்தவங்க பட்டியல் கட்டுரையில இருக்கு. நாப்பத்தோரு பேரு. எல்லாருமே ஆம்பளைங்க. உங்க ஊரு வயல்ல பொம்பளைங்க எறங்கறது இல்லையா?"

என்னிடம் பதில் இல்லை. தண்ணீர் திறப்பதும் மடை கட்டுவதும் ஆண்கள் வேலை, அதனால் அவர்களிடம் கேட்டேன் என்று ஏதோ சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அது பதில் இல்லை. முப்பது வருடமாகத் தண்ணீரில் நின்று நடவு நட்ட ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். அவள் கம்மலை அடகு வைத்துத்தான் நான் இங்கே நிற்கிறேன். அவளிடம் ஒரு சொல்கூட நான் கேட்டதில்லை.

சாயங்காலம் அந்த அம்மாவே என்னைத் தேடி வந்து தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அவருடைய தாய் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். பாட்டி கப்பலேறி வந்தவர், எந்த ஊர் என்று தெரியாது, மதுரைப் பக்கம் என்று மட்டும் சொல்வாராம். தோட்டத்துப் பெண்களின் சொற்களை அவர் எனக்காக ஒவ்வொன்றாகச் சொன்னார். விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டு, பால் வடியும் மங்கு, காய்ந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பால், குழந்தையை விட்டுப்போகும் ஆயாக்கொட்டாய். ரப்பருக்குக் கித்தா என்கிற சொல் மலாய் மொழியின் கெத்தாவிலிருந்து வந்தது. காலை உணவு அங்கே பசியாறல். "இதெல்லாம் எங்கம்மா சாகறதுக்கு முன்னாடி நான் எழுதி வெச்சிருக்கணும். பாதிதான் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அம்மாவின் முன்னால் செல்போனை வைத்துப் பதிவை அழுத்தினேன். "எனக்கென்ன தெரியும், உங்கப்பாட்ட கேளு" என்றார். நாற்றங்காலில் ஆரம்பித்தோம். நாற்றைப் பிடுங்கிக் கட்டினால் முடி. தொளியில் முடியை வீசும்போது முதல் முடியை மூத்தவள் கையில் கொடுத்து, குலவை போட்டுத்தான் இறங்குவார்கள். இதெல்லாம் நான் கேள்விப்பட்டவை. தண்ணீர் பற்றிக் கேட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மடை, மதகு என்கிற சொல் அம்மாவின் பேச்சில் வரவே இல்லை. "விரக்கடைத் தண்ணி நின்னா நாத்து நல்லாப் பிடிக்கும். கரண்டைக்கால் தண்ணின்னா மெதக்கும், கை அழுத்தி நடணும். கெண்டைக்கால் வரைக்கும் வந்துட்டா வடிய விட்டுட்டுத்தான் எறங்கணும்."

விரலும் கரண்டையும் கெண்டையும்! நாற்பத்தோரு ஆண்கள் எனக்குச் சொன்ன சொற்கள் எல்லாம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழி போகிறது என்பதைச் சொல்பவை. அவர்கள் கரையில் நின்று பார்த்த தண்ணீர் அது. அம்மா சொன்ன தண்ணீர் உடம்பில் ஏறி நிற்கிற தண்ணீர். அளவுகோலே அவர் கால்தான். "தண்ணி ரெண்டு நாளு மாத்தாம கெடந்துச்சுன்னா தெரிஞ்சுரும்" என்றார். எப்படி என்றேன். பாதத்தைத் திருப்பி விரல் இடுக்கைக் காட்டினார். வெள்ளையாக வெடித்து, உரிந்து, பழைய தழும்புக்கு மேல் புதுத் தழும்பு. "சேத்துப்புண்ணு வந்துரும்ல."

அந்த இடுக்குகளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

இப்போது ஆய்வேட்டில் புதிதாக ஓர் இயல் சேர்ந்திருக்கிறது. இருபத்து மூன்று பெண்களிடம் பேசியிருக்கிறேன், சித்தையன்கோட்டை, ஆத்தூர், செம்பட்டி, சின்னாளபட்டிப் பக்கம். ஆறு மாதம் கூடுதலாக ஆனது, நெறியாளர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கோலாலம்பூர் ஆசிரியைக்கு அம்மாவின் ஒலிப்பதிவை அனுப்பினேன். அவர் தன் நினைவில் இருந்த தோட்டத்துச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார். இருபது பக்கத்துக்கு மேல் இருக்கிறது. கருத்தரங்குக்குப் போகிற மாணவர்களுக்கு நான் சொல்வது: கட்டுரை வாசித்ததும் ஊர் சுற்றக் கிளம்பிவிடாதீர்கள். உங்களைக் கேள்வி கேட்டவரைத் தேடிப் பிடித்து ஒரு டீயாவது குடியுங்கள். எனக்குக் கருத்தரங்கில் கொடுத்த சான்றிதழ் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடினால்தான் கிடைக்கும். அந்தக் கேள்வி தினமும் கூடவே இருக்கிறது.

எங்கள் தெருவுக்குக் கீழ்ப்பக்கத்து வயலில் இந்தப் பருவம் நடவு மிஷின் இறங்கியது. அம்மாவும் வரப்பில் நின்று பார்த்தார். நடவு நட்ட அம்மாவோ அப்பத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே செல்போனை எடுத்து அவர்கள் முன்னால் வைத்துப் பேசச் சொல்லுங்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், தண்ணீர் எவ்வளவு நிற்க வேண்டும் என்று கேளுங்கள்.